கச்சேரி மைதானத்தில் ஒரு தாம்பூலத் தட்டு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பஸ்ஸில்கூட டிரைவர் பிரேக் போடும் முன்பே எழுந்து படிக்கட்டுக்கு வந்து நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவளுக்குப் பட்டுப் புடவையைக் கட்டி, கையில் தாம்பூலத் தட்டைக் கொடுத்து, ஒரு பகல் முழுவதும் இசைத் திருவிழா மைதானத்தில் அலையவிட்டால் எப்படி இருக்கும்? அரியலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதுதான் நடந்தது. பாட்டுக் கேட்கவோ பலகாரம் தின்னவோ நான் போகவில்லை. என் தம்பியைப் பிடிக்கப் போனேன்.

விஷயம் இதுதான். என் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். பத்திரிகை அடித்து வந்துவிட்டது. எங்கள் வழக்கத்தில் முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. அவனுக்கு வைக்காமல் மற்ற பத்திரிகை ஒன்றுகூட வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. அதையும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து நின்று, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்து, கையில்தான் கொடுக்க வேண்டும். அந்தத் தாய்மாமன் என் ஒரே தம்பி. அவனும் நானும் பேசி இரண்டு வருஷமாகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பெரம்பலூரில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, சொந்தக்காரர்கள் எல்லார் வீட்டுக்கும் தட்டோடு போன என் வீட்டுக்காரர், திருமானூரில் இருக்கும் என் தம்பிக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் பத்திரிகையை அனுப்பிவிட்டார். "நம்ம மாப்ளதான, அவனுக்கு என்ன ஃபார்மாலிட்டி" என்று நினைத்தாராம். அதுவும் வேறு யாருக்கோ அனுப்பியதை அப்படியே தட்டிவிட்டிருக்கிறார். தலையில் 'ஃபார்வர்டட்' என்ற முத்திரையோடு போய் விழுந்திருக்கிறது. "ஊரெல்லாம் சுத்திட்டு வந்த பத்திரிகையாக்கா எனக்கு?" என்று போனில் கேட்டான். அதோடு சரி. கிரகப்பிரவேசத்துக்கு அவன் வரவில்லை. பிறந்த வீட்டுச் சீர் வந்து இறங்க வேண்டிய நேரத்தில் என் வாசலில் ஒருத்தரும் இல்லை. அடுப்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவனுக்கு மரியாதை போனது, எனக்கு மானம் போனது. ஆளுக்கொரு மூலையில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

இப்போது கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. தட்டோடு இரண்டு முறை திருமானூருக்குப் போனோம். இரண்டு முறையும் அவன் கச்சேரிக்குப் போயிருப்பதாகத் தம்பி பெண்டாட்டி சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் டோலக் வாசிக்கிறவன். நல்ல கை, ஒரு குழுவோடு நிற்காமல் கூப்பிட்ட குழுவுக்கெல்லாம் போவான். அதனால் அந்தச் சாக்கை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. அப்புறம்தான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் நாள் முழுக்க இசைத் திருவிழாவும் உணவுத் திருவிழாவும் சேர்ந்து நடக்கிறது, அதில் மூன்று குழுவுக்கு அவன்தான் டோலக் என்று. அன்றைக்கு எங்கே ஓடுவான்?

காலையிலேயே கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு முதல் பத்திரிகையை வைத்தோம். சாமி பிரசாதமாகக் கொடுத்த துளசியையும் தட்டில் வைத்துக்கொண்டு நேரே மைதானத்துக்குப் போனோம். உள்ளே நுழைந்ததுமே எண்ணெய் வாசனையும் ஸ்பீக்கர் சத்தமும் சேர்ந்து முகத்தில் அடித்தது. வரிசையாகக் கடைகள். இந்தக் கோடியில் பெரிய மேடை, அந்தக் கோடியில் சின்ன மேடை. இதில் ஒருத்தர் பாடி முடிக்கும் முன் அதில் மைக் டெஸ்டிங் ஆரம்பித்துவிடும். ஜீன்ஸும் டீ ஷர்ட்டுமாகத் திரியும் பிள்ளைகளுக்கு நடுவே, மாம்பழக் கலர் பட்டுப் புடவையும் கையில் தட்டுமாக நான். ஒரு வாலண்டியர் பெண் ஓடி வந்து, "சீஃப் கெஸ்ட்டா மேம்?" என்று கேட்டது. "இல்லம்மா, டோலக்காரனுக்கு அக்கா" என்றேன். அதற்கு ஒன்றும் புரியவில்லை.

சின்ன மேடைக்குப் பின்னால் தம்பியைப் பார்த்துவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, விரல்களுக்கு பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. சரி, இதுதான் நேரம் என்று திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் என் வீட்டுக்காரரைக் காணோம். ஒற்றை ஆளாகத் தட்டை நீட்ட முடியாதே! போன் போட்டேன். ஸ்பீக்கர் இரைச்சலில், "ஆங்? ஆங்?" என்கிறார். கழுத்தை எக்கி எக்கித் தேடினால், டெல்லி அப்பளக் கடையில் நிற்கிறார். தலை அகலத்துக்கு ஒரு அப்பளம், மேலே மிளகாய்ப் பொடி, மீசையெல்லாம் சிவப்பு.

"ஏங்க, அறிவிருக்கா உங்களுக்கு? அவன் அங்க கெளம்புறான்!"

"காலையிலேர்ந்து பட்டினிடி. ஒரே ஒரு அப்பளம். நீயும் ஒரு கடி கடிச்சுக்க, நல்லாருக்கு."

அவரை இழுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் மேடையில் நாட்டுப்புறப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. தம்பி டோலக்கை மடியில் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் உட்கார்ந்து காத்திருக்கலாம் என்றார் வீட்டுக்காரர். உட்கார்ந்தோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாட்டு முடிவது மாதிரி வந்து மறுபடி பல்லவிக்குத் திரும்பும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். பின்னால் ஒருத்தர், "யம்மா, மறைக்குதும்மா" என்றார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெரியவர் ரொம்ப இயல்பாகக் கையை நீட்டி, தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்துக்கொண்டார். எடுத்ததோடு விட்டாரா? "சுண்ணாம்பு இல்லீங்களா?" என்று வேறு கேட்டார். விழாக் கமிட்டியிலிருந்து வெற்றிலை பாக்கு கொடுத்து வரவேற்கிறோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அவரிடம் என்ன சண்டை போட முடியும்?

தாய்மாமனுக்குக் குறைந்த தட்டை வைக்க முடியாது. புது வெற்றிலை வாங்க வீட்டுக்காரர் கடைத்தெருவுக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் தம்பியின் நிகழ்ச்சி முடிந்து, அவன் மேடையின் மறுபக்கமாக இறங்கிப் போயிருந்தான். நான் நிற்பதை அவன் பார்த்தான். பார்க்காத மாதிரிதான் போனான், ஆனால் பார்த்தான். அவனை எனக்குத் தெரியாதா?

மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. வெற்றிலை வாடாமலிருக்கக் கைக்குட்டையை நனைத்துத் தட்டை மூடிக்கொண்டே நடந்தேன். கொத்து பரோட்டாக் கல்லில் ஒருத்தன் தடதடவென்று அடிக்க, பக்கத்திலேயே காலேஜ் பையன்கள் கிடார் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பாட்டுப் பாட, எது சமையல் எது சங்கீதம் என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரர் போகிற வழியெல்லாம் ஏதாவது வாங்கினார். பருத்திப்பால், முட்டை போண்டா, குச்சியில் சுருள் சுருளாகக் கோத்த உருளைக்கிழங்கு. "ஒரு வாய் சாப்புடேன்டி, மயக்கம் போட்டு விழப்போற" என்று நீட்டுவார். எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. மகள் போன் பண்ணினாள்.

"அம்மா, மாமாவுக்குக் குடுத்தாச்சா?"

"குடுத்துடுவேன்."

"மாப்பிள்ள வூட்ல எல்லாருக்கும் குடுத்து முடிச்சிட்டாங்களாம்மா. நம்ம வூட்ல கட்டே பிரிக்கலன்னு அவுங்க அம்மா கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

"வெயில்ல காயப் போட்டிருக்கோம்னு சொல்லு!"

போனை வைத்துவிட்டேன். அப்புறம் பாவமாக இருந்தது. மணவறையில் உட்கார்ந்திருக்கும்போது மாமன் மாலை போட வேண்டும், மாமன் எடுத்த பட்டைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அவன் வரவில்லை என்றால் அந்த இடத்தில் யாரைக் கொண்டுபோய் நிறுத்துவேன்? பிள்ளையாக இருக்கும்போது அவன் தோளில் உட்கார்ந்து கொள்ளிடத்தைப் பார்த்தவள் அவள். சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்குத் தலைகுனிவு என்பதெல்லாம் அப்புறம். என் பிள்ளை அங்கே மாமனைத் தேடும், அதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் என்னைப் போட்டு அரித்தது.

கலைஞர்களுக்குச் சாப்பாடு பெரிய மேடைக்குப் பின்னால் துணி கட்டி மறைத்த இடத்தில். இந்த முறை வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டே போனேன். துணியை விலக்கினால், என் தம்பி இலையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். எச்சில் கையில் எப்படித் தாம்பூலம் வாங்குவான்? கறிக்கு முன்னால் துளசி வைத்த தட்டை எப்படி நீட்டுவேன்? சரி, கை கழுவட்டும் என்று ஓரமாக நின்றோம். நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். என் முகம், தட்டு, வீட்டுக்காரர் முகம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் சோறு வைங்க. பீஸ் இருக்குதா?"

தின்றான். நிதானமாக, ஒரு எலும்பு விடாமல் தின்றான். தயிர்ச் சோறு கேட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் இலையை மடிக்கும் நேரத்தில், "டோலக் அண்ணே, பக்திப் பாட்டு டீம் ரெடி, உடனே வாங்க" என்று ஒருத்தர் வந்து அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்காரர், "நல்ல பசி போல மாப்ளைக்கு" என்றார். நான் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

பக்திப் பாட்டு முடிந்தபோது மணி நாலரை. இதற்கு மேல் ஒரு கொடுமையைச் சொல்ல வேண்டும். மேடையை விட்டு இறங்கிய தம்பி நேராக வந்து, எங்களுக்கு எதிர்ப்பக்கம், நாலு நாற்காலி தள்ளி, காலை நீட்டி உட்கார்ந்தான். கையில் ஒரு ஜிகர்தண்டா. பக்கத்தில் யாரும் இல்லை. கை சுத்தம். அவசரம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து இப்படி ஒரு நேரத்துக்குத்தான் நாய்படாத பாடு பட்டுக்கொண்டிருந்தேன். துள்ளி எழுந்தேன். வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஞாயித்துக்கெழம. ராகு காலம்."

நாலரையிலிருந்து ஆறு. அட கடவுளே! தம்பிக்குத் தெரியாமலா வந்து உட்கார்ந்திருக்கிறான்? எங்கள் வீட்டில் பால் காய்ச்சுவதற்கே பஞ்சாங்கம் பார்ப்பார்கள் என்று கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா? ஸ்ட்ராவை உறிஞ்சிக்கொண்டு, போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு, சீமான் மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் தட்டை வைத்துக்கொண்டு எதிரே. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

"தட்ட எங்கிட்ட குடு. நீ சும்மா போயி பேசிட்டு வாயேன்" என்றார் வீட்டுக்காரர்.

"தட்டு வைக்காம நான் எப்புடிங்க மொதல்ல பேசறது?"

"அவன் உன் தம்பிடி."

"தம்பின்னு தெரிஞ்சுதான வாட்ஸ்அப்புல அனுப்புனீங்க?"

அவர் எழுந்து போய் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். ஆறிப் போனது. அந்த ஒன்றரை மணி நேரமும் நான் தம்பியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இளைத்திருந்தான். சட்டைக் காலர் நைந்திருந்தது. எழுந்து போய் முதுகில் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது, அதே கையால் தலையைத் தடவ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. எனக்கு அழுகை வந்தது. வெயிலில் கண் கூசுகிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ஆறு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் அவன் எழுந்து பெரிய மேடைக்குப் போனான். அன்றைக்கு முக்கியமான மெல்லிசைக் குழு அதுதான். அதற்கப்புறம் வேனில் ஏறிப் போய்விடுவான். விளக்கெல்லாம் எரிந்தது, கூட்டம் மைதானம் கொள்ளாமல் நின்றது. பிரமுகர்கள் வரிசையாக மேடையேறினார்கள். ஒருத்தருக்கொருத்தர் பொன்னாடை, ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் பேச்சு. பொன்னாடை போர்த்தியவருக்கே திருப்பிப் பொன்னாடை. என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. ஒருவழியாகப் பிரமுகர்கள் இறங்கினார்கள். முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. தம்பி கடைசி வரிசையில், முன்னால் இரண்டு மைக் வைத்து டோலக்கோடு உட்கார்ந்திருந்தான். மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர், "கலைஞர்களை மேடைக்கு வந்து கௌரவிக்க விரும்பும் ரசிகப் பெருமக்கள் வரலாம்!" என்றார்.

அவ்வளவுதான். என்ன யோசித்தேன் என்று கேட்டால் ஒன்றும் யோசிக்கவில்லை. வீட்டுக்காரரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறிவிட்டேன். மேடை வெளிச்சத்தில் கண்ணே தெரியவில்லை. தட்டை அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார், நான் ஒரு பக்கம்.

"ஆகா! இதோ பாருங்கள், பட்டுப் புடவையோடு, நமது பாரம்பரிய முறைப்படி, தாம்பூலத் தட்டு ஏந்தி ஒரு குடும்பமே வந்திருக்கிறது! பலத்த கைதட்டல் கொடுங்கள்!"

கூட்டம் கை தட்டியது. யாரோ விசிலடித்தார்கள். குழுவை நடத்துகிற பாடகர், நல்ல வயசான மனிதர், மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக எங்கள் எதிரே வந்து நின்று, இரண்டு கையையும் நீட்டினார். போட்டோக்காரர் ஓடி வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பெரிய மனிதர், ஊரே பார்க்கும்போது கை நீட்டி நிற்கிறார். உங்களுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? அவர் தொட்டுவிட்டால் தாய்மாமன் தட்டு அவருக்குப் போய்விடும். ஒரு தடவை கைமாறிய தட்டைத் திருப்பி வாங்கி இன்னொருத்தருக்கு வைக்க முடியுமா? வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர், மரியாதை தெரிந்த மனிதர், நீட்டிய கையைக் கண்டதும் அவரும் குனிந்து தட்டை முன்னால் கொண்டுபோகிறார்!

"அண்ணே, வாங்காதீங்க! அதத் தொடாதீங்க!"

டோலக்குக்கு வைத்திருந்த மைக்கில் மைதானம் முழுக்க அதிர்ந்தது. தம்பி எழுந்து நின்றிருந்தான். டோலக் மடியிலிருந்து உருண்டு கீழே விழுந்து அதுவும் ஒரு சத்தம் போட்டது.

"அது எனக்கு வந்த தட்டுண்ணே. எனக்கு வச்சது. என் தட்டு."

பாடகர் சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். தம்பி ஒயர்களைத் தாண்டி, கீபோர்டுக்காரரை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். கழுத்திலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். பிளாஸ்டர் சுற்றிய இரண்டு கையையும் நீட்டினான்.

"மாப்ள," என்றார் என் வீட்டுக்காரர். "வந்து நடத்திக் குடுக்கணும். அன்னைக்கு நான் பண்ணுனது தப்புதான், மாப்ள."

"நான் இல்லாம வேற யாரு மாமா நடத்துறது?" என்றான் அவரிடம். என்னைப் பார்க்கவில்லை.

தட்டை வாங்கிக்கொண்டு போய் அவன் இடத்தில் உட்கார்ந்தான். யாரோ அதை வாங்கி ஓரமாக வைக்க வந்தார்கள், கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டான். விஷயம் புரிந்து கீழே கைதட்டல் கிளம்பியது. பாடகர், "தம்பி, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். "இருங்கண்ணே" என்றான். கவரைப் பிரித்து, பத்திரிகையை விரித்து, அத்தனை சனத்தையும் காக்க வைத்துவிட்டு, எழுத்துக் கூட்டுகிறவனைப் போல முதல் வரியிலிருந்து படித்தான். நாங்கள் இறங்கப் படிக்கட்டுக்கு வந்துவிட்டோம். நான் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். படித்து முடித்து நிமிர்ந்தான். முன்னால் மைக் இருப்பதையே மறந்துவிட்டான்.

"அக்கா, பொண்ணழைப்பு முத நாள் சாயந்தரமா? நான் காலையிலயே வந்துடவா?"

ஸ்பீக்கரில் அரியலூர் முழுக்கக் கேட்டிருக்கும். அந்த 'அக்கா'வைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்னிடம் மைக் இல்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதுகொண்டே கத்தினேன்.

"நாளைக்கே வாடா!"